பிரம்புத் தள்ளுவண்டி

என் மகளின் தொடையில் கிள்ளினேன். போர்வைக்குள் கைவிட்டு, சதை திரண்டிருந்த இடமாகப் பார்த்து, இரண்டு விரலால் பிடித்து ஒரு திருகு. ஃபெம்மிக்கு அப்போது ஏழு மாதம். ஒரு கணம் நம்பமுடியாததுபோல என்னைப் பார்த்தாள். பிறகு உதடு பிதுங்கி, முகம் சிவந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டாள். தள்ளுவண்டியை நிறுத்த எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

எதிர்ச்சாரியில் எங்கள் ஊர் ஆண்கள் நாற்பது ஐம்பது பேரை மண்வெட்டியும் கையுமாக வரிசையில் நடத்திக்கொண்டு போனார்கள். ஐசல் ஆற்றங்கரையில் பதுங்குகுழி வெட்டுவதற்கு. முன்னால் ஒரு ஜெர்மன் சிப்பாய், பின்னால் இரண்டு பேர். நான் வண்டிமேல் குனிந்து, "அழாதேடி, அழாதேடி கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இடது கையை மெத்தைக்கு அடியில் நுழைத்தேன். அங்கே ஒரு மெல்லிய கம்பி, அதன் முனையில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு குமிழ். அழுத்தினேன். குழந்தை போட்ட சத்தத்தில் கேமராவின் 'டிக்' எனக்கே கேட்கவில்லை, விரலில்தான் தெரிந்தது. கடைசியாக வந்த சிப்பாய் வண்டிக்குள் எட்டிப் பார்த்து நாக்கைத் தட்டி குழந்தைக்கு வேடிக்கை காட்டினான். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வீடு வந்து கோட்டைக் கழற்றியபோது நவம்பர்க் குளிரில் முதுகெல்லாம் நனைந்து உடுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபெம்மியின் தொடையில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி. அன்றுதான் முதல் தடவை கிள்ளினேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கேமரா என்னுடையதல்ல. என் கணவன் பெரெண்டினுடையது. எங்கள் ஊர் டெவென்டரின் கம்பள ஆலையில் சாயம் கலக்கும் வேலை அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் ஒத்த பைத்தியங்கள் ஏழெட்டுப் பேரோடு சைக்கிளில் கிளம்பிவிடுவான். பனிமூட்டத்தில் நிற்கும் மாடு, மழையில் நனைந்த பாலம், இப்படிப் படமெடுப்பார்கள். பிறகு ஒருவர் எடுத்ததை இன்னொருவர் மணிக்கணக்காகக் குறை சொல்வார்கள். யாருக்கும் கெடுதல் இல்லாத பொழுதுபோக்கு. ஜெர்மன்காரர்கள் எங்கள் நாட்டைப் பிடித்து நாலு வருடம் தாண்டிய அந்த 1944 அக்டோபரில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாக வந்தது. பதினேழு வயதிலிருந்து ஐம்பதுவரை எல்லா ஆண்களும் மண்வெட்டியோடு சந்தைத் திடலுக்கு வரவேண்டுமாம். பெரெண்ட் போகவில்லை. எங்கள் வீட்டில் பழைய காலத்துச் சுவர்க்கட்டில் ஒன்று உண்டு, அலமாரிபோலக் கதவு வைத்தது. அதன் பின்பலகையைப் பெயர்த்தால் புகைபோக்கிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரலாம், படுக்க முடியாது. அதற்குள் போனவன்தான். என் கணவன் வேலைக்காக ஜெர்மனி போயிருக்கிறான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

அதற்கு அடுத்த மாதம் தேவாலயக் கதவில் புது அறிவிப்பு ஒட்டினார்கள். வெளியிடங்களில் யாரும் படமெடுக்கக் கூடாது. கேமராவோடு பிடிபட்டால் ஒற்றன். ஒற்றனுக்கு என்ன செய்வார்கள் என்று அதில் எழுதியிருக்கவில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை. இதைப் பெரெண்டிடம் சொன்னது என் தவறு. பயந்துபோய் கேமராவை ஆற்றில் போடச் சொல்வான் என்று நினைத்திருந்தேன். அவனோ மறுநாள் தள்ளுவண்டியைக் கொண்டுவரச் சொன்னான். அது பிரம்பு பின்னிய வண்டி, என் அக்காவின் மூன்று பிள்ளைகளைச் சுமந்து என்னிடம் வந்தது. பக்கவாட்டில் ஒரே ஒரு பிரம்பை அறுத்து எடுத்தான். அந்தச் சந்தில் கேமராவின் கண் சரியாகப் பொருந்தியது. தோல்வார் வைத்து அடிச்சட்டத்தோடு பெட்டியைக் கட்டி, மேலே பலகை, அதற்கு மேலே மெத்தை. இவ்வளவையும் இரண்டு நாளில் முடித்துவிட்டு, பிறகுதான் என்னிடம் கேட்டான்.

நான் ரொம்ப நேரம் மறுத்தேன். எனக்குப் படமெடுக்கத் தெரியாது என்றேன். தெரியவேண்டாம், நின்று அழுத்தினால் போதும் என்றான். குழந்தையை வைத்துக்கொண்டா என்றேன். குழந்தை இருப்பதால்தான் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்றான். பிறகு, இவர்கள் போனதற்கப்புறம் இப்படியெல்லாம் நடந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நம் பிள்ளையே நம்பமாட்டாள் என்றான். சுவரிடுக்கிலிருந்து வந்த அவன் முகத்தில் சுண்ணாம்புத் தூள். ஆலைக்குப் போகிறவனாக, நாலு பேரோடு சிரித்துப் பேசுகிறவனாக இருந்தவன் ஒரு மாதத்தில் இப்படி ஆகிவிட்டானே என்று இருந்தது. அந்த இரக்கத்தில் சரி என்றேன். அடுத்த நாள் தெருவில் கால் வைத்ததும் அந்த இரக்கம் போன இடம் தெரியவில்லை.

வண்டிச் சக்கரங்களுக்கு ரப்பர் இல்லை, மரவளையம்தான் அடித்திருந்தது. கல் பாவிய தெருவில் கடகடவென்று அரைக் கிலோமீட்டருக்குக் கேட்கும். ஓடும்போது எடுத்தால் படம் கலங்கிவிடும், நின்றால்தான் ஆகும். ஆக, அந்தக் கடகட சத்தம் ஓய்ந்து தெரு முழுக்க அமைதியாகும் அந்த வினாடியில் உலகமே என்னைப் பார்ப்பதுபோல இருக்கும். ஒரு நடைக்கு ஒரு படம். ஃபிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்துவதெல்லாம் வீட்டுக்கு வந்தபிறகு பெரெண்ட் பார்த்துக்கொள்வான். மேற்கே இருந்த நகரங்களிலிருந்து பசிக்குத் தப்பி உணவு தேடிப் பாலத்தைத் தாண்டி வந்த பெண்களை எடுத்தேன். அவர்களும் என்னைப்போலத் தள்ளுவண்டிதான் வைத்திருந்தார்கள், உள்ளே உருளைக்கிழங்கு இருந்தது. சுவரொட்டிகளை எடுத்தேன். குண்டு விழுந்த தெருவை எடுத்தேன். பாலத்தைக் குறிவைத்து எங்களை விடுவிக்க வந்தவர்கள் போட்ட குண்டு எங்கள் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தது. ஒருநாள் ரயில்பாதை ஓரத்தில், எல்லோரும் பார்க்கவேண்டும் என்பதற்காகவே கிடத்தியிருந்த மூன்று பேரை எடுத்தேன். அன்று ஃபெம்மியைக் கிள்ளவில்லை. அந்த இடத்தில் எல்லோரும் நின்றார்கள், நானும் நின்றேன்.

பெரெண்ட் நிலவறையில் ஃபிலிமைக் கழுவுவான். பகலில் கொல்லைப்புறச் சன்னலோரம் நெகட்டிவ்வையும் தாளையும் கண்ணாடிக்கு அடியில் அழுத்தி வைத்து, வெயிலிலேயே சின்னப் படங்களாகத் தாளில் பதிப்பான். ஒருமுறை மண்வெட்டிக்காரர்களின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தலை வெட்டிப்போச்சு பாரு. இன்னும் நாலடி தள்ளி நின்னிருந்தா முழுசா வந்திருக்கும்" என்றான்.

நான் பால்கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். கரண்டியை அப்படியே வைத்தேன்.

"நாலடி தள்ளி அவங்க ஆள் நின்னுட்டிருந்தான். அவன் பூட்ஸ் மேலயா வண்டிய ஏத்தச் சொல்றே?"

"இல்ல ரீகா, சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்றதுக்கு நீ சுவத்துக்குள்ள இருக்கே. தெருவுல இருக்கிறது நான்."

அவன் படத்தை எடுத்துக்கொண்டு நிலவறைக்குப் போய்விட்டான். இரவு என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்ற படங்கள் நன்றாக வந்திருப்பதாகச் சொன்னான். அவனுடைய ஞாயிற்றுக்கிழமைப் படச் சங்கத்தில் இருந்த யாருமே இப்படி எடுத்ததில்லையாம். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷத்தின்மேல் கோபமாகவும் இருந்தது.

தெருவில் சிப்பாய்களைவிட நான் அதிகம் பயந்தது ரென்சிங்க் அம்மாவுக்குத்தான். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரில், திடலைப் பார்த்த மூலை வீட்டில் தனியாக இருந்த விதவை. அறுபது வயது. எலும்பும் நரம்புமாக நெடிய உருவம், எப்போதும் கறுப்பு உடை, யாரிடமும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டாள். அவள் அக்கா மகன் ஜெர்மன்காரர்களோடு சேர்ந்துகொண்டு கறுப்புச் சீருடை போட்டவன். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்து காப்பி குடிப்பான். அந்த வீட்டு வாசலில் அவன் மோட்டார் சைக்கிள் நிற்கும்போது தெருவில் யாரும் சத்தமாகத் தும்மக்கூடமாட்டார்கள். அந்த அம்மா கதவை ஒரு சாண் திறந்துவைத்துக்கொண்டு நிற்பாள். நான் வண்டியோடு கிளம்பும்போது நிற்பாள், திரும்பும்போதும் நிற்பாள். ஜனவரியில் ஒருநாள் என்னை மறித்து, "புள்ள உன்கூட வெளிய வந்தா மட்டும் ஏன் இப்படி அழுவுது? வீட்டுல சத்தமே காணோம்" என்று கேட்டாள். பல் முளைக்கிறது என்றேன். அவள் ஃபெம்மியைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தாள். அன்று பெரெண்டிடம் இதோடு போதும் என்று அழுதேன். பத்து நாள் கேமராவை எடுக்கவில்லை.

பிறகு குதிரைகளைக் கொண்டுவந்தார்கள். பிப்ரவரி மாதம், நல்ல வெயில். சுற்றுவட்டாரத்து உழவர்களின் குதிரைகளையெல்லாம் திடலில் நிறுத்தி, ஒவ்வொன்றாக வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, முதுகில் எண் எழுதிக்கொண்டிருந்தார்கள். உழவர்கள் கையில் வெறும் கயிற்றோடு நின்றார்கள். ஒரு கிழவர் தன் குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோது நானாகவே, பெரெண்ட் சொல்லாமலேயே, வீட்டுக்குத் திரும்பிப்போய் வண்டியை எடுத்துவந்தேன். தலையைத் தூக்காமல் திடல் விளிம்பில் நின்று, போர்வையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து அழுத்தினேன். திரும்பும்போது ரென்சிங்க் அம்மா கதவருகில் நின்றிருந்தாள்.

மூன்றாம் நாள் பகல். நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். பெரெண்ட் சன்னலோரத்திலிருந்து கூப்பிட்டான். குரல் ஒரு மாதிரி இருந்தது. குதிரைப் படத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் என்னிடம் தந்தான். அழகான படம். கிழவரும் குதிரையும் அப்படியே வந்திருந்தார்கள். மேலே பார் என்றான். குதிரைகளுக்குப் பின்னால் ரென்சிங்க் அம்மாவின் வீடு. அதன் மாடிச் சன்னலில் திரை விலகியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தாடி வைத்த ஓர் ஆணின் முகம். அவர் நெஞ்சளவில் இன்னொரு சின்ன முகம், பெண்குழந்தை. அதன் இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடியில் பதிந்திருந்தன. அவ்வளவு தெளிவு. குதிரை பார்க்க வந்திருந்தார்கள்.

அந்த அம்மாவும் யாரையோ ஒளித்துவைத்திருக்கிறாள். பிறகு இத்தனை மாதமும் அந்தக் கதவு ஒரு சாண் திறந்திருந்ததற்கு என்ன அர்த்தம் என்று புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கும்தான். அக்கா மகன் கீழே உட்கார்ந்து காப்பி குடிக்கும் வீட்டை யார் சோதனை போடுவார்கள்? தலைக்குமேலே அந்தக் குழந்தை இருமாமல் இருந்திருக்கிறது.

எரித்துவிடலாம் என்றேன். பெரெண்ட் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இதுவரை எடுத்ததிலேயே சிறந்தது இதுதான் என்று மெதுவாகச் சொன்னான். சன்னல் வரும் இடத்தை மட்டும் மறைத்துத் தாளில் பதித்துக்கொள்ளலாம், நெகட்டிவ் மட்டும் இருக்கட்டும், நிலவறையில் செங்கல்லுக்குப் பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள் என்றான்.

"நம்மள பிடிச்சா நாம சாவோம், சரி. நம்மகிட்ட இருக்கிற படத்தால அந்தப் புள்ள ஏன் சாகணும்?" என்றேன்.

அவன் உருப்பெருக்கியைக் கவிழ்த்து வைத்தான். பிறகு எழுந்து போய் ஃபிலிமைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். என் தையல் கத்தரிக்கோலை எடுத்தேன். அப்போதும் அவன், "கோணலா வெட்டிடாதே, பக்கத்துப் படமும் போயிடும்" என்றான். வெட்டிய துண்டை அடுப்பில் போட்டேன். சுருண்டு, கெட்ட நாற்றத்தோடு எரிந்தது.

தாளில் எடுத்த படத்தை மட்டும் நான் எரிக்கவில்லை. அவர்கள் சன்னலருகே வருகிறார்கள் என்பதை யாராவது அந்த அம்மாவிடம் சொல்லவேண்டுமே. அன்று கேமரா பார்த்ததை நாளை ஒரு சிப்பாய் பார்ப்பான். பெரெண்ட் வேண்டாம் என்றான். அந்தத் தாடிக்காரர் யாரென்று நமக்கு எப்படித் தெரியும், அவர்கள் ஆளாகவே இருந்தால் என்ன செய்வாய் என்றான். அவன் சொல்வது சரிதான். ஆனாலும் படத்தை மடித்து ஃபெம்மியின் உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். பதினைந்து அடி அகலத் தெரு. வண்டி இல்லாமல் நடந்தபோது என் மரச்செருப்புச் சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது.

ரென்சிங்க் அம்மா என்னைச் சமையலறையில் உட்காரவைத்தாள். அவள் எதிரே நின்றுகொண்டாள். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. மாடியில் மூச்சை அடக்கிக்கொண்டு நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் வந்ததும் என் குரல் தானாகத் தாழ்ந்தது.

"உங்க மாடிச் சன்னல் திரை சரியா மூடல போலிருக்கு" என்றேன்.

"யாரு சொன்னா?"

"நானேதான் பாத்தேன். குதிரை பிடிச்ச அன்னிக்கு."

"நீ பாக்கல." அவள் குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு நீ தலையவே தூக்கல. நான் கதவுகிட்ட நின்னு உன்னையேதான் பாத்துட்டிருந்தேன். வந்ததுலேர்ந்து போற வரைக்கும்."

ஃபெம்மி என் கோட்டுப் பித்தானைச் சப்பிக்கொண்டிருந்தாள். ரென்சிங்க் அம்மா உள்ளே போனாள். கதவைப் பூட்டப் போகிறாள், இல்லை, அக்கா மகனுக்கு ஆள் அனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு பன்றித்தொடையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். புகைபோட்ட முழுத்தொடை. அப்படி ஒன்றைப் பார்த்து இரண்டு வருடம் இருக்கும்.

"இது போதுமா? இல்ல, வேற ஏதாவது வேணுமா? சொல்லிடு. அங்க போய்ச் சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லிடு."

அப்போதுதான் அவள் கைகளைப் பார்த்தேன். துணியின் முடிச்சை அவளால் அவிழ்க்க முடியவில்லை, விரல்கள் மறுபடி மறுபடி நழுவின. இத்தனை மாதமும் நான் யாருக்குப் பயந்தேனோ அவள் எனக்கு அவ்வளவு பயந்திருக்கிறாள். தன்னைக் கண்காணிக்க வந்தவள் நான் என்றே நினைத்திருக்கிறாள். அவள் வீட்டெதிரே அடிக்கடி வண்டியை நிறுத்தினேன். குழந்தை காரணமில்லாமல் அழுதது. கணவன் ஜெர்மனியில் என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் விரும்பிப் போனவன் என்று.

ஃபெம்மியின் சட்டைக்குள்ளிருந்து படத்தை எடுத்துப் பன்றித்தொடையின் பக்கத்தில் வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"வண்டியில ஏதோ இருக்குன்னு தெரியும்" என்றாள் கடைசியில். "வானொலின்னு நெனச்சேன்."

"என் வீட்டுக்காரர் ஜெர்மனிக்குப் போகல" என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவளுடைய உயிர் என் கையில் இருந்தது, என்னுடையதையும் அவள் கையில் கொடுத்துவிட்டால் சமமாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

அவள் தலையை ஆட்டினாள். படத்தை அடுப்பில் போட்டாள். போடுவதற்கு முன்னால் அந்தச் சின்னக் கைகளை ஒருமுறை கட்டைவிரலால் தடவினாள். நெகட்டிவ் என்ற ஒன்று இருக்குமே என்று கேட்டாள். எரித்தாகிவிட்டது என்றேன். அன்று குதிரைக் கனைப்புக் கேட்டதிலிருந்து பார்க்கணும் என்று அந்தக் குழந்தை அழுததாம், சத்தமில்லாமல் அழுததாம். இனி சன்னல் பக்கம் வரமாட்டார்கள் என்றாள். பன்றித்தொடையில் பாதியை அறுத்து என் கையில் திணித்தாள். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. அந்த இறைச்சியைத் தின்னும்போது பெரெண்ட் ஒரு குறையும் சொல்லவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இப்போது பெரெண்ட் கேட்கவேண்டியிருக்கவில்லை, நானே கிளம்பினேன். மார்ச் கடைசியில் ஜெர்மன்காரர்கள் பின்வாங்கத் தொடங்கியிருந்தார்கள். சைக்கிள், கைவண்டி, குப்பைவண்டி, சக்கரம் உள்ள எதையும் விடவில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அன்று காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆற்றுச்சாலைக்குப் போனேன்.

ஒரு சிப்பாய் எதிரிலிருந்து வந்தான். நடுத்தர வயது, ஒரு காலில் பூட்ஸுக்குப் பதிலாகக் கந்தல் சுற்றியிருந்தது. முதுகில் மூட்டை, கையில் இரண்டு பெட்டிகள். என் முன்னால் பெட்டிகளைக் கீழே வைத்தான். பிறகு மோவாயால் வண்டியைக் காட்டினான்.

குழந்தை, குழந்தை என்று தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவன் தலையாட்டினான். புரிந்தது என்பதுபோல. பிறகு தானே குனிந்து, பிள்ளை பெற்றவன்போலக் கழுத்துக்கு அடியில் கைகொடுத்து ஃபெம்மியைத் தூக்கினான். அவளுக்கு அப்போது பதினோரு மாதம், கையில் அகப்பட்டதையெல்லாம் பிடிக்கும் வயது. அவள் முஷ்டிக்குள் மெத்தைக்கு அடியிலிருந்து வந்த அந்தக் கம்பி இருந்தது. தூக்கத் தூக்க அது நீண்டு விறைத்தது. நான் பாய்ந்து அவள் விரல்களைப் பிரித்தேன். குமிழ் அழுந்தி, டிக். தெளிவாகக் கேட்டது. தெருவில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. அவன் வண்டியைப் பார்த்தான். குனிந்து சக்கரத்தை ஒரு உலுக்கு உலுக்கினான், அச்சாணி சரியாக இருக்கிறதா என்று. திருப்தியாகிவிட்டது. குழந்தையை என் கையில் கொடுத்தான், போர்வையை எடுத்து அவள்மேல் போர்த்தினான், மெத்தைமேல் பெட்டிகளை ஏற்றினான். நொண்டிக்கொண்டே தள்ளிப் போனான். கடகட சத்தம் பாலத்தின் பலகைகள்வரை கேட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பெரெண்ட் முதலில் என்னை அணைத்துக்கொண்டான், பிறகு தள்ளிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தான். அந்தச் சுருளில் முதல் படம் நீதான் என்றான். ஒருநாள் நான் சமையலறையில் ஃபெம்மிக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது, வெளிச்சம் நன்றாக இருந்தது என்று எடுத்தானாம். என்னிடம் சொல்லவில்லை. என் முகம், குழந்தையின் முகம். அந்தச் சிப்பாய் தன் பெட்டிகளை இறக்கும்போது மெத்தை நகர்ந்தால் போதும். ஃபிலிமைக் கழுவினால் போதும். இந்த ஊரில் யாரிடம் அந்தப் படத்தை நீட்டினாலும் கம்பள ஆலை பெரெண்டின் பெண்டாட்டி என்று சொல்லிவிடுவார்கள்.

எங்களைத் தேடி யாரும் வரவில்லை. பதினான்கு நாள் கழித்துக் கனடாக்காரர்கள் வந்து ஊரை விடுவித்தார்கள். அந்த வண்டி எந்தப் பள்ளத்தில் கிடந்து மக்கியதோ, அந்தக் கால் நொண்டி தன் ஊர் போய்ச் சேர்ந்தானோ இல்லையோ, எதுவும் தெரியாது. ஆனால் இதெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது. வாசலில் ஒவ்வொரு பூட்ஸ் சத்தமும் எங்களுக்காகத்தான் வந்தது. நானும் குழந்தையும் ஓல்ஸ்டில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம். பெரெண்டால் சோதனைச்சாவடி எதையும் தாண்ட முடியாது, அந்தச் சுவரிடுக்கோ தெரிந்து தேடுகிறவன் கண்ணுக்கு அரைமணி நேரம் தாங்காது.

ரென்சிங்க் அம்மாவிடம் போனேன். முழுவதும் சொன்னேன். அவள் தறியில் நூல் பார்ப்பவள்போல ஒவ்வொரு வார்த்தையையும் கவனித்துக் கேட்டாள். பிறகு, "இன்னொருத்தருக்கு இடம் இருக்கு. குறட்டை விடுவாரா?" என்றாள்.

இல்லை என்று பொய் சொன்னேன்.

"நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு அனுப்பு. ராத்திரி வேணாம், ராத்திரி நடக்கிறவனத்தான் சுடுவாங்க. உன் கோட்டு, உன் தலைத்துண்டு, கையில ஒரு கூடை. பதினஞ்சு அடிதானே."

மறுநாள் பெரெண்டுக்கு என் கோட்டை மாட்டினேன். மெலிந்திருந்ததால் பித்தான் போட முடிந்தது. இரண்டு தடவை முகம் மழித்து, தலைத்துண்டை முன்னால் இழுத்துக் கட்டினேன். ஒரு சிரிப்பும் வரவில்லை எங்கள் இருவருக்கும். கூடையில் நாலு கிழங்கு போட்டுக் கொடுத்தேன். அவன் ஃபெம்மியின் உச்சியில் முகம் வைத்து மூச்சை இழுத்தான். கதவைத் திறந்தேன், அவன் வெளியே கால் வைத்தான், மூடினேன்.

நான் சன்னலுக்கு ஓடித் திரையை ஒரு விரல் விலக்கினேன். அவன் கால்கள் நடையை மறந்திருந்தன. மரச்செருப்பு கல்லில் இடறியது. திடலின் எதிர்க்கோடியில், இரண்டு சிப்பாய்கள் ஒரு லாரியில் எதையோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நிமிர்ந்து முதுகை நெட்டி முறித்து இந்தப் பக்கம் திரும்பினான். என் கையில் ஃபெம்மி துள்ளிக்கொண்டிருந்தாள், கண்ணாடியைத் தட்ட முயன்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று மேகமே இல்லை. ஐந்து மாதமாகத் திறந்தவெளி வெயில் படாத அவன் முகத்தில் மொத்த வெயிலும் விழுந்தது. கண்ணைத் திறந்துவைக்க முடியவில்லை அவனால். தெருவின் நடுவே வந்ததும் இறுக்கி மூடிக்கொண்டுவிட்டான். கூடையை இடது கைக்கு மாற்றினான். வலது கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, விளக்கில்லாத அறைக்குள் நுழைகிறவன்போல ஒவ்வொரு அடியாகத் தடவித் தடவி நடந்தான். எதிரே, மூலை வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்தது.